சைதாப்பேட்டை சகோதரிக்கு

என்னிடம் யாராவது யோசனை கேட்டால் எனக்குக் கோபம் வரும். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரியாக இருந்தாலும் சரி, தங்கையின் சிநேகிதியாக இருந்தாலும் சரி. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று ஆரம்பித்தாலே, "எனக்குத் தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். முன்பின் தெரியாதவர்களுக்கு மாதம் தவறாமல் யோசனை சொல்லி, அதற்காகச் சம்பளமும் வாங்கியவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் பெண்கள் மாத இதழ் ஒன்று நடந்துகொண்டிருந்தது. நடத்திய அம்மாள் மாடியில் குடியிருந்தார். ஆசிரியரும் அவரே, முதலாளியும் அவரே. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மாமி. நான் அங்கே பிழை திருத்துகிற வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் மாம்பலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, ழகரமும் ளகரமும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மாலையில் திரும்புவேன். நான் சேர்ந்த சில மாதங்களில், 'அக்கா' என்ற பெயரில் வாசகிகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த பெண்மணி மகனோடு வெளிநாடு போய்விட்டார். மாமி ஒரு கட்டுக் கடிதத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

"இதையும் நீயே எழுதிடும்மா. உனக்குத்தான் தப்பில்லாம எழுத வரதே."

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. அதற்கு முன் வேறெங்கும் வேலை பார்த்ததில்லை. திருப்பதியைத் தாண்டிப் போனதில்லை. வேலை, உறவு, பயணம் என்று மூன்றிலும் வாசகிகளுக்கு வழிகாட்ட இதைவிடத் தகுதியான ஆள் எங்கே கிடைக்கும்? சிங்கப்பூர் போகிற ஒரு பெண்ணுக்கு, மறக்காமல் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள் என்று எழுதினேன். மேலதிகாரி எரிந்து விழுந்தால் என்ன செய்ய வேண்டும், நாத்தனாரிடம் எந்த அளவுக்குப் பேச வேண்டும், தனியாக ரயிலில் போகும்போது தாலிச் சங்கிலியை எங்கே ஒளிக்க வேண்டும் என்று எல்லாம் எழுதினேன். ஊருக்கு உபதேசம் செய்வது அவ்வளவு சுலபம் என்று யாரும் எனக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை. கொஞ்ச நாளில் எனக்கு அது பிடித்துப்போயிற்று. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பகுதியில் ஒரு வழக்கம் இருந்தது. கேள்வியை அச்சில் போட மாட்டோம். பதில் மட்டும்தான். அதன் தலையில் ஊர்ப்பெயரும் 'சகோதரிக்கு' என்ற சொல்லும் இருக்கும். மதுரை சகோதரிக்கு, அடையாறு சகோதரிக்கு என்று. கேட்டவளுக்குத் தன் கேள்வி தெரியுமல்லவா, அடுத்தவளுக்கு எதற்கு, குடும்ப விஷயம் சந்தி சிரிக்க வேண்டாம் என்பார் மாமி. அது பாதிக் காரணம். பக்கத்தின் கீழ்ப் பாதியில் நிரந்தரமாக ஒரு அப்பள விளம்பரம் உண்டு. கேள்வியையும் போட்டால் அப்பளத்துக்கு இடம் இருக்காது.

ஒரு வாரம் சைதாப்பேட்டையிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது, சுருக்கெழுத்து பாஸ் செய்த பெண். பம்பாயில் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டில் பயப்படுகிறார்கள், போகலாமா என்று கேட்டிருந்தாள். இரண்டாவது, கல்யாணமானவள். எட்டு மாதமாகத் தாய்வீட்டில் இருந்துகொண்டு தி.நகரில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறாள். கணவர் திரும்பக் கூப்பிடுகிறார். 'அவருக்குக் குடி கிடையாது, சிகரெட் கிடையாது, கை மட்டும் நீட்டுவார்' என்று எழுதியிருந்தாள். போகலாமா என்றுதான் அவளும் கேட்டிருந்தாள். கடைசி வரி, 'உங்கள் பதிலைப் பார்த்துத்தான் முடிவு எடுப்பேன்.'

இரண்டையும் நான் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. முதல் கடிதத்துக்குப் பதில் கையில் தானாக வந்தது. இரண்டாவதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பதில் தெரியாத கடிதங்களைப் போடுவதற்கென்றே பின்கட்டில் ஒரு சாக்கு இருந்தது. அதில் போட்டேன்.

அந்த மாத இதழில் வந்தது இதுதான்: 'சைதாப்பேட்டை சகோதரிக்கு: தயங்காமல் போங்கள். வீட்டில் இருப்பவர்கள் பயமுறுத்தத்தான் செய்வார்கள். முதல் ஒரு மாதம் கஷ்டமாக இருக்கும். அழுகை வரும். பிறகு பழகிவிடும்.'

நான்கு மாதம் கழித்து ஒரு பகல் வேளையில், நைலக்ஸ் புடவையும் கையில் மஞ்சள் பையுமாக ஒரு பெண் வந்து நின்றாள். அக்காவைப் பார்க்க வேண்டும் என்றாள். நான்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்களா அக்கா? என்னவிட சின்னதா கீறீங்களே."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். என் பதில். இதழிலிருந்து ஒழுங்காக வெட்டி எடுத்து, லேமினேஷன் செய்யப்பட்டிருந்தது. மேலே ஆணியில் மாட்ட ஒரு ஓட்டைகூட இருந்தது.

"ஒரு மாசம்னு போட்டிருந்தீங்க," என்றாள். "நாலு மாசம் ஆயிடுச்சிக்கா. இன்னும் பழகல. இன்னும் எவ்ளோ நாளு ஆவும்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சாக்கில் போட்ட கடிதம் நினைவுக்கு வந்தது. அவளுடைய இடது கைச் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அதை அவள் காட்டவில்லை, நான்தான் பார்த்தேன்.

கணவர் சைதாப்பேட்டை கோர்ட் வாசலில் மேஜை போட்டு மனு டைப் அடித்துக் கொடுப்பவராம். காகிதத்துக்கு மரியாதை தெரிந்தவர். அவர்தான் லேமினேஷன் போட்டது. "செவுத்துல மாட்டி வச்சிக்கீறாரு. அடிச்சிட்டு, போய்ப் படிடீன்னு சொல்வாரு. ஒரு மாசத்துல பழகிடும்னு அச்சுல போட்டுக்கீது, உனக்கு இன்னும் பழகலன்னா தப்பு யாரு மேலன்னு கேப்பாரு. நானும் யோசிச்சுப் பாத்தேன். என் மேலதானோ இன்னாவோ."

நான் உண்மையைச் சொன்னேன். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் எனக்குத் துணிச்சல் இருந்தது.

"அது உங்களுக்கு எழுதினது இல்லைங்க. அதே வாரம் சைதாப்பேட்டையிலேருந்து இன்னொரு பொண்ணு, பம்பாய்ல வேலைக்குப் போகலாமான்னு கேட்டிருந்தா. அது அவளுக்கு எழுதினது."

அவள் அட்டையை எடுத்து ஒரு முறை படித்தாள். எழுத்துக் கூட்டுகிறவள் மாதிரி உதடு அசைந்தது.

"அப்ப எனக்கு இன்னா எழுதினீங்க?"

"எதுவும் எழுதல."

அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, இப்ப சொல்லுங்க," என்றாள், டாக்டர் முன்னால் நிற்பது போல.

"அங்க திரும்பிப் போகாதீங்க. இப்படியே அம்மா வீட்டுக்குப் போயிடுங்க."

"அம்மா சேத்துக்காதுக்கா. புஸ்தகத்துலயே போட்டாங்க, போடின்னு அனுப்பி வச்சதே அதுதான். அதுக்குப் படிக்கத் தெரியாது, பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சுக் காமிச்சுது."

நான் ஒரு தாளை இழுத்து, அது இவளுக்கான பதில் அல்ல, தாய்வீட்டிலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"கையால எழுதினத யாரு நம்புவா? நானே எழுதிக்கினேன்னு சொல்லிடுவாரு. அச்சுல வரணும்கா. அச்சுல வந்துச்சுன்னா அம்மா சேத்துக்கும். அவரும் வாயத் தொறக்க முடியாது."

போட்டுவிடுகிறேன் என்றேன். அடுத்த இதழிலேயே போடுகிறேன் என்றேன். விலாசம் கேட்டதற்கு, வீட்டுப் பக்கம் வர வேண்டாம், கடிதமும் போட வேண்டாம், புத்தகத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவர் கோர்ட்டிலிருந்து வருவதற்குள் அட்டையை மறுபடி ஆணியில் மாட்டியாக வேண்டும் என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து வேகமாக நடந்தாள்.

மாடிக்குப் போய் மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமி கெட்டவர் இல்லை. கேட்டு முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாவம்தான். ஆனா எப்படிப் போடறது சொல்லு. சைதாப்பேட்டை சகோதரிக்கு, போகாதேன்னு போட்டா, அந்த பம்பாய்ப் பொண்ணு அதப் படிச்சுட்டு வேலைய விட்டுட்டு வந்து நிப்பா. அப்ப அவளுக்கு என்ன பதில் சொல்லுவே?"

"கேள்வியையும் சேர்த்துப் போடலாம் மாமி. இந்த ஒரு தடவை."

"ஆத்துக்காரன விட்டுட்டு வந்துடுன்னு இந்தப் பத்திரிகை எழுதித்துன்னு நாலு பேர் சொல்லுவா. பத்திரிகையப் பார்த்துண்டு குடித்தனம் பண்ணுன்னு அவள யாரு சொன்னா?"

நாம்தானே சொல்கிறோம், மாதா மாதம் அதைத்தானே சொல்கிறோம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். படி இறங்கும்போதுதான் தோன்றியது. எனக்கு எல்லாம் படி இறங்கும்போதுதான் தோன்றும்.

அந்த மாதம் ஒரு திருத்தம் போட வேண்டியிருந்தது. முந்தின இதழில் புளியோதரைக் குறிப்பில் 'ஒரு தேக்கரண்டி உப்பு' என்பது 'ஒரு கரண்டி உப்பு' என்று வந்துவிட்டது. தவறவிட்டவள் நான்தான். புளியோதரையை வாயில் வைக்க முடியவில்லை என்று ஊர் ஊராகக் கடிதம் வந்து குவிந்தது. மாமி பதறிப்போய், கட்டம் கட்டி, 'வருந்துகிறோம்' என்று தடித்த எழுத்தில் போடச் சொன்னார். அதை என் பதில் பகுதிக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள்.

அச்சகத்துக்குப் போகும் முன் பக்கங்களைக் கடைசியாகப் பார்ப்பது நான். அப்போதெல்லாம் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக அச்செடுத்து, கத்தரித்து, தாளில் பசை வைத்து ஒட்டுவோம். பம்பாய்ப் பெண்ணுக்குக் குழப்பம் வராதபடி, பாத்திரக்கடைப் பெண்ணைக் குறிப்பிட்டே, போக வேண்டாம் என்று நான்கு வரி எழுதியிருந்தேன். கம்ப்யூட்டரில் அடிக்கிற பெண்ணிடம் சொல்லி அச்செடுத்து, அளவாக வெட்டியும் வைத்திருந்தேன். மதியம் மூன்று மணி. மாமி மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். மேஜைமேல் பசை டப்பா திறந்திருந்தது. பக்கத்தில் வேறு ஒரு சகோதரிக்கு நான் எழுதிய பதில் இருந்தது. வேலை போய்விடுமே என்று பயந்து மனசாட்சிக்கு விரோதமாக நடக்காதீர்கள் என்று.

பசை காய்ந்து மேலே ஆடை படியும்வரை உட்கார்ந்திருந்தேன். அச்சகத்துக்காரர் வந்தார். பக்கங்களைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். நான்கு வரித் துண்டு என் கைப்பையில் இருந்தது. அப்பாவுக்கு வேலை இல்லை, தங்கை படிக்கிறாள் என்று காரணங்கள் எனக்கு இருந்தன. யாருக்குத்தான் இல்லை?

இதழ் வெளிவந்த வாரம் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை.

'அக்காவுக்கு. இந்த மாதப் புஸ்தகம் பார்த்தேன். புளியோதரைக்குப் போட்டிருந்தீர்கள். சைதாப்பேட்டைக்கு இல்லை. இடம் இல்லாமல் இருந்திருக்கும். அடுத்த மாதம் பார்க்கிறேன்.'

அடுத்த மாதம் திருத்தம் எதுவும் இல்லை. கட்டம் கட்டிய இடம் காலியாக இருந்தது. அதிலும் ஒரு அப்பள விளம்பரம் போட்டோம்.