வீட்டுக் கோழி

சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை முதுகுகளைத் தேய்க்கிறோம் என்பது ஏசுதாசனுக்கே தெரியாது. குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய்ப் பாட்டிலோடு நிற்பார். ஆட்கள் வருவார்கள், குப்புறப் படுப்பார்கள், எழுந்து அருவிக்குப் போவார்கள். ஒருவர் முகமும் நினைவில் நிற்பதில்லை. சாயங்காலம் கட்டைவிரல் மடங்காது. மொபெட்டின் பிரேக்கை மற்ற விரல்களால்தான் பிடிப்பார்.

மேலகரத்தில் வீடு. மொபெட் தெருவுக்குள் திரும்பும் சத்தத்துக்கே மூன்று கோழிகளும் இறக்கையைப் பாதி விரித்து ஓடி வரும். பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஓட்டம். சாம்பல் நிறத்தில் இருப்பதற்கு டீச்சர் என்று மகள் ஷாரோன் பெயர் வைத்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் ஒவ்வொரு தட்டையும் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகரும். குளியலறைக்குள் யாராவது போனால், வெளியே வரும்வரை வாசலில் நின்று கொக்கரித்துக் கேறும். செண்பகவல்லி துணி மடித்து வைத்தால் மடிப்பின் மேல் ஏறி உட்காரும். விரட்டினால் அடுத்த துணிக்கு மாறும்.

ஏசுதாசன் வாசல்படியில் உட்கார்ந்ததும் டீச்சர் வந்து அவர் கைக்கு அடியில் கழுத்தைக் கொடுக்கும். எண்ணெய் வாடை போகாத விரலால் நீவுவார். கீழிமை மேலேறிக் கண் மூடும். ஒரு கால் நீளும். மெல்லப் பக்கவாட்டில் சாயும். நிறுத்தினால் ஒரு கண்ணை மட்டும் திறந்து விரலைக் கொத்தும்.

"எம் முட்டப் பிடிச்சு விடச் சொன்னா கை வலிக்கின்னு சொல்லுதிய. கோழிக்கு மட்டும் வலிக்காதோ?" என்பாள் செண்பகவல்லி.

"அது பேச மாட்டேங்குதுல்லா."

ஷாரோனை வாசுதேவநல்லூரில் ஜெஸ்வினுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆடி சாரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாரோனோடு ஜெஸ்வினும் அவன் அம்மாவும் முதல்முறையாக விருந்துக்கு வருவதாக முடிவாயிற்று. முதல் விருந்துக்கு வீட்டில் வளர்ந்த கோழிதான் குழம்பாக வேண்டும். பெண் பார்க்க வந்தபோதே சம்பந்தியம்மாள் கோழிகளைப் பார்த்திருந்தாள். மூன்றில் இரண்டு குஞ்சுகளோடு திரிந்தன. குஞ்சுக்காரியை யாரும் அறுப்பதில்லை. மிச்சம் டீச்சர்.

"வேற கோழி வாங்கிருவமா?" என்றார் ஏசுதாசன்.

"வீட்ல கோழி நிக்கும்போது கடையில வாங்கினா, நம்ம புள்ளயத்தான் காலம் பூரா குத்திக் காட்டுவாவ. ஒரு கோழிக்காகவா?" சொல்லிவிட்டு செண்பகவல்லி தேங்காய் துருவ உட்கார்ந்தாள்.

அறுக்கத் தன்னால் ஆகாது என்று டீச்சரை ஒரு கூடைப்பைக்குள் வைத்து மொபெட்டின் முன்னால் தொங்கவிட்டு, தென்காசியில் அஹ்சனின் நாட்டுக்கோழிக் கடைக்குப் போனார். வழி முழுவதும் டீச்சர் பைக்கு வெளியே தலையை நீட்டி, எதிரே வந்த பஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது.

அஹ்சன் பையிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்து, கழுத்தைத் தடவி இடம் பார்த்தான். டீச்சர் கண்ணை மூடிச் சாய்ந்தது. ஒரு கால் நீண்டது.

"என்ன அண்ணாச்சி இது? தூங்குது!"

ஏசுதாசன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுப்பி அறுக்கவா, இப்படியே அறுக்கவா?"

"வேண்டாம்டே. கூண்டுல இதே எடையில ஒண்ணு எடு. இது இங்கன கெடக்கட்டும். சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுதேன்."

கறியை வாங்கி வந்து செண்பகவல்லியிடம் கொடுத்தார். அவளிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு நிறைய வார்த்தைகள் வேண்டியிருந்தன.

மத்தியானம் எல்லாரும் உட்கார்ந்தார்கள். செண்பகவல்லி பரிமாறினாள். தன் தட்டில் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டாள். ஷாரோன் ஒரு துண்டை எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

"வீட்டுக்கோழி ருசியே தனி. கடைக்கோழின்னா வாயில வச்சதும் தெரிஞ்சிரும்," என்றாள் ஜெஸ்வினின் அம்மா. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள்.

அப்போது வாசலில் பைக் வந்து நின்றது. அஹ்சன். கையில் கூடைப்பை.

"அண்ணாச்சி, நம்மால ஆகல. தராசு மேல ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்குது. வாரவன் எல்லாம் இதத்தான் கேக்கான். மறந்து எவனுக்காச்சும் வித்துப்புடுவேனோன்னு…" உள்ளே விருந்தாட்களைப் பார்த்ததும் நிறுத்தினான்.

டீச்சர் பையிலிருந்து குதித்து வந்தது. வழக்கம்போல ஒவ்வொரு தட்டாக எட்டிப் பார்த்தது. ஜெஸ்வினின் அம்மா தட்டருகே வந்ததும் சற்று அதிக நேரம் நின்றது.

செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்ப நாங்க தின்னது?" என்றாள் ஜெஸ்வினின் அம்மா.

"கடையில வாங்கினது, தங்கச்சி," என்றார் ஏசுதாசன்.

"நல்லாத்தாம்மா இருந்திச்சு," என்றான் ஜெஸ்வின்.

"நீ சும்மா இருல." அவள் கையைத் தட்டிலேயே கழுவினாள். "எம் மவனுக்கு ஒரு கோழி அறுக்க மனசு வரல. பரவாயில்ல அண்ணே. பொண்ணத் தந்துட்டீயல்லா, அது போதும்."

ஷாரோன் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஏசுதாசன் மகளையே பார்த்தார். இந்தப் பேச்சு இத்தோடு முடியாது. வாசுதேவநல்லூரில் ஒவ்வொரு கறிக்கும் ஒவ்வொரு விருந்தாளிக்கும் திரும்ப வரும். தான் அங்கே இருக்கப் போவதில்லை. அவள்தான் இருப்பாள்.

எழுந்து டீச்சரைப் பிடித்தார். அது பிடிக்கக் கொடுத்தது. பைக்குள் வைத்து ஜெஸ்வினின் அம்மா முன்னால் நீட்டினார்.

"ஒங்களுக்கு உள்ளதுதான். கொண்டு போங்க. ஒங்க இஷ்டம்."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மழைக்கு முன்னால் கிளம்புகிறோம் என்றாள். காரில் பை ஷாரோனின் மடியில் இருந்தது.

அன்று செண்பகவல்லி அவரைத் திட்டவில்லை. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் ஷாரோன் போன் பண்ணினாள். மழையைப் பற்றிப் பேசினாள், ஜெஸ்வினுக்குச் சளி என்றாள். "கேளுங்களேன்" என்று செண்பகவல்லி சைகை காட்டினாள். "நீ கேளு" என்று அவர் தலையை ஆட்டினார். கேட்டால் பிள்ளைக்குத்தான் சங்கடம். இருவரும் கேட்கவில்லை. அவர் அருவிக்குப் போனார், முதுகுகளைத் தேய்த்தார், வந்தார். படியில் உட்காராமல் நேரே உள்ளே போய்ப் படுத்தார்.

அந்த வாரக் கடைசியில் போன் வந்தது. எடுத்தால் ஜெஸ்வினின் அம்மா.

"அண்ணே, இந்தக் கழுத நான் போட்டா ஒண்ணும் திங்க மாட்டேங்குது. அரிசி போட்டாச்சு, கம்பு போட்டாச்சு. எம் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கி. என்ன எழவத்தான் போட்டு வளத்திய?"

ஏசுதாசன் எழுந்து உட்கார்ந்தார்.

"தரையில போட்டா திங்காது தங்கச்சி. கையில வச்சுக் குடுக்கணும்."

"கையிலயா? கொத்திராதா?"

"கொத்தும். வலிக்காது."

"நல்லா வளத்திய, போங்க. ஏட்டி ஷாரோனு, அந்த அரிசிய எடு. இருங்க அண்ணே, வச்சிராதிய."

போனை எங்கோ வைக்கிற சத்தம். ஒரு குக்கர் விசில் அடித்தது. நாற்காலி இழுபட்டது. "பே, பே" என்று சம்பந்தியம்மாள் டீச்சரைக் கூப்பிடுவது தூரத்தில் கேட்டது.

"யாரு?" என்றாள் செண்பகவல்லி.

பேசாதே என்று கையைக் காட்டிவிட்டு, ஏசுதாசன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.