குடம் இருக்கும் இடம் தெரிந்த பிள்ளை

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கருவூலத்துக்குப் போய், தாம் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வர வேண்டும். அதற்கு நேர்காணல் என்று பெயர். நானும் எஸ்தரும் எப்போதும் சேர்ந்துதான் போவோம். இந்த ஆண்டும் அப்படியே பேசி வைத்திருந்தோம். எனக்கு முன்னால் வந்து, வரிசையில் எனக்கும் இடம் பிடித்து வைத்திருப்பவர் அன்று வரவில்லை. கைபேசி ஒலித்தது. எஸ்தரின் எண். எடுத்தால் அவருடைய மகள் ஷாலினியின் குரல்.

"பெரிம்மா, அம்மா காலைல எழுந்திருக்கல" என்றாள்.  

உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடப் போன இடத்தில் எனக்கு இந்தச் செய்தி வந்தது. எஸ்தர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் எஸ்தர் கணக்கு ஆசிரியை. நான் அதே பள்ளியில் அறிவியல். ஊரில் அவருக்கு இன்னொரு பெயரும் இருந்தது: "பாதிப் பிள்ளை டீச்சர்." கணவனும் மனைவியும் பிரிந்தாலும் பிள்ளையை இருவருமே வளர்க்க வேண்டும், அதைச் சட்டமாகவே எழுத வேண்டும் என்று பல ஆண்டுகள் மனுவும் கையுமாக அலைந்ததால் வந்த பட்டம் அது. கேலியாகச் சொன்னவர்களிடம் அவர் கோபப்படவில்லை. கணக்கை மட்டும் திருத்துவார். "பாதி இல்லப்பா. ரெண்டு வீட்டுலயும் முழுப் புள்ள."

இப்படிப் பேசுகிறவர், பிள்ளையைப் பறிகொடுத்தவராகத்தான் இருப்பார் என்று பலரும் நினைத்தார்கள். ஒரு முறை சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போயிருந்தோம். அங்கிருந்த உதவியாளர் இரக்கத்தோடு, "உங்களுக்கு எத்தினி வருஷமா புள்ளயக் காட்டல மேடம்?" என்று கேட்டார்.

"காட்டாம இருந்தவளே நான்தாம்பா" என்றார் எஸ்தர்.

அந்த உதவியாளர் மனுவை வாங்கவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதிலுக்குப் பின்னால் இருந்த கதை இதுதான்.

எஸ்தர் கிறிஸ்தவக் குடும்பம். அவருடைய தாத்தா காலத்தில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடையாது. பிறர் கழனியில் வேலை. அவர் மணந்த தனசேகர் மாகறலில் நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். விரும்பித்தான் மணந்தார்கள். ஷாலினி நடக்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் பிரிந்தார்கள். எதனால் என்று எஸ்தர் விரித்துச் சொன்னதில்லை. நானும் எழுதப் போவதில்லை. வழக்கில் எஸ்தர் ஜெயித்தார். பிள்ளை தாயிடம். தகப்பன் மாதம் ஒரு சனிக்கிழமை நீதிமன்றக் கட்டடத்தின் ஓர் அறையில், சற்று நேரம் பார்த்துவிட்டுப் போகலாம்.

தனசேகர் தவறாமல் வந்தார். கொய்யாப்பழம் கொண்டுவருவார். குழந்தை நாற்காலியில் உட்கார்ந்து அதைத் தின்னும். எதிர் நாற்காலியில் அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஓரிரு முறை துணைக்குப் போயிருக்கிறேன். மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்க வந்தவர் எப்படி உட்கார்ந்திருப்பார், அப்படி இருக்கும்.

ஷாலினி மூன்றாம் வகுப்பு படித்தபோது, பொங்கலுக்கு ஒரு நாள் மாகறலுக்கு அனுப்பும்படி தனசேகர் கேட்டார். வக்கீல் வேண்டாம் என்றார். எஸ்தர் என்ன நினைத்தாரோ, அனுப்பினார். மாலையில் பிள்ளை திரும்பி வந்தபோது நானும் எஸ்தர் வீட்டில் இருந்தேன். வந்த பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குப் போய், பானையிலிருந்து மொண்டு மொண்டு குடித்தது.

எஸ்தரின் முகம் மாறியது. "ஏண்டி, அங்க தண்ணி குடுக்கலையா? குடத்தைத் தொடாதேன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறதென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆமாம் என்று பிள்ளை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தனசேகருக்கு அந்தச் சனிக்கிழமையும் போயிருக்கும்.

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா" என்றாள் ஷாலினி. "குடம் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியல. அப்பாகிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு."

 மறுநாள் பள்ளியில் எஸ்தர் ஆசிரியர் அறையில் சோற்று டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "அப்பன்கிட்ட தண்ணி கேக்க வெக்கப்படுதுக்கா என் பொண்ணு. பக்கத்து வீட்டுலகூட கேட்டு வாங்கிக் குடிக்கும். நான் ஜெயிச்சது இதத்தானா?"

நான் அவரைச் சமாதானப்படுத்த, தனசேகர் ஒன்றும் உத்தமர் இல்லையே என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலைப் பிறகு எத்தனையோ பேருக்கு நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். "புருஷன்ற பாடத்துல அவரு ஃபெயிலுதான்க்கா. அதுக்காக அப்பான்ற பாடத்துலயும் முட்டை போடுவியா? அந்தப் பரீட்சையை நான் எழுதவே விடலையே."

அடுத்து எஸ்தர் செய்ததை ஊரில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. ஜெயித்த வழக்கைத் திறக்கச் சொல்லி அவரே மனுப் போட்டார். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி, யாராவது மிரட்டுகிறார்களா என்று தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாராம். இல்லை என்று புரியவைக்கவே நெடுநேரம் ஆயிற்று என்று எஸ்தர் சொல்லிச் சிரிப்பார். முடிவில் வாரக் கடைசியும், விடுமுறையில் பாதியும் தனசேகருக்கு என்று ஆயிற்று.

அதன் பிறகும் எஸ்தர் ஒரு தவறு செய்தார். முதல் வாரம் துணிப்பையோடு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரையும் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து அனுப்பினார். தாய்க்குரிய கவலை, வேறொன்றும் இல்லை. தனசேகர் பிள்ளையைத் திரும்ப விட வந்தபோது, நிரம்பியிருந்த பாட்டிலை வாசல் திண்டில் வைத்தார். "எங்க வீட்டுத் தண்ணி அவளுக்கு ஆவாதா டீச்சர்?" என்று கேட்டார். பிரிந்த நாள் முதல் அவரும் எஸ்தரை டீச்சர் என்றுதான் அழைத்தார். எஸ்தருக்குச் சுருக்கென்றது. மறுபடியும் பிள்ளையை விருந்தாளியாக்கித்தானே அனுப்பியிருக்கிறோம் என்று உடனே புரிந்துவிட்டது.

வெயில் இன்னும் தாழாத நேரம். தனசேகர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். எஸ்தர் உள்ளிருந்தபடி, "ஜன்னலுக்குக் கீழ பானை இருக்குது. எடுத்துக் குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவர் தயங்கித் தயங்கி உள்ளே போனார். நீங்களே ஒரு சொம்பு கொடுத்திருக்கலாமே என்று பிறகு எஸ்தரிடம் கேட்டேன்.

"குடுத்தா விருந்தாளி ஆயிடுவாருக்கா. அப்பா தானா எடுத்துக் குடிக்கறதப் புள்ள பாக்கணும்."

அவருடைய கொள்கை முழுவதும் இந்த இரண்டு வரிதான். மனுவில் அதைச் சட்ட நடையில் எழுதினார். பெற்றோர் பிரியும்போது, 'பிள்ளை யாருக்கு?' என்பது நீதிமன்றத்தின் முதல் கேள்வியாக இருக்கக் கூடாது; 'இருவரும் எப்படி வளர்க்கப் போகிறீர்கள்?' என்பதே முதல் கேள்வியாகச் சட்டத்தில் இருக்க வேண்டும். வகுப்பில் பென்சிலுக்காக இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால், யாருடைய பென்சில் என்று கேட்கிறோம். அது சரிதான். பிள்ளை பென்சில் இல்லையே.

எல்லாரும் கைதட்டிவிடவில்லை. தேவாலயக் கூடத்தில் நடந்த ஒரு பெண்கள் கூட்டத்தில், பூக்கட்டுகிற பெண் ஒருத்தி எழுந்து கையை நீட்டிக் காட்டினாள். எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. "குடிச்சிட்டு வந்து எம் புருஷன் ஒடிச்ச கை இது. அவனுக்கும் புள்ளைய அனுப்பணும்னு சட்டம் போடச் சொல்றியா டீச்சர்?"

எஸ்தர் மேடையிலிருந்து பதில் சொல்லவில்லை. இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "வேணாம்மா. நீ அனுப்பாதே. பயம் இருக்கற வீட்டுக்கு எந்தப் புள்ளையும் போவக் கூடாது" என்றார். அடி, பயம் இருக்கும் இடத்தில் இந்த விதி பொருந்தாது என்ற வரி மனுவில் ஏற்கெனவே இருந்தது. கடைசிப் பத்தியில் இருந்தது. அடுத்த வாரமே அதை முதல் பத்திக்குக் கொண்டுவந்தார். "அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் படிச்சிக்கினு இருக்க மாட்டாக்கா" என்றார்.

ஓய்வுபெற்ற பிறகு அவர் வீட்டுக் கூடம், பிரிகிறவர்கள் வந்து பேசும் ஒரு சிறு பஞ்சாயத்து ஆயிற்று. கடைசியாக வந்தவர்கள் ரேவதியும் அவள் கணவன் கார்த்தியும். ரேவதி எங்கள் பழைய மாணவி, பட்டுக்கடையில் விற்பனையில் இருப்பவள். பையன் ஒன்றாம் வகுப்பு. எஸ்தர் அவர்களுக்கு ஊருக்கேற்ற உதாரணம் சொல்லப் பார்த்தார். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, ஊடை நூல் சுற்றிய நாடாவை ஓட்டினால்தான் இரண்டும் பிரியாமல் சேரும் என்றார்.

"டீச்சர், கோர்வைக்கு ரெண்டு ஆளும் ஒரே தறியில உக்காரணும்" என்றாள் ரேவதி. "எங்களால ஒரே ரூம்ல உக்கார முடியல. பாருங்க, ஃபேனுக்கு நேரா யாரு சேரு போட்டுக்கினு இருக்காருன்னு."

"சேரு போட்டது டீச்சரு. நான் உக்காந்தேன், அவ்ளோதான்" என்றான் கார்த்தி.

எஸ்தர் விழுந்து விழுந்து சிரித்தார். கோர்வை உதாரணத்தை அதோடு விட்டுவிட்டார். பிறகு தன் பழைய கேள்விக்கு வந்தார். "உன் வீட்டுல தண்ணி எங்க இருக்குதுன்னு உன் புள்ளைக்குத் தெரியுமா கார்த்தி?"

"தெரியும் டீச்சர். ஃபிரிட்ஜ்ல."

"ஃபிரிட்ஜ் கதவு அவனுக்கு எட்டுமா?"

கார்த்தி கையை இடுப்பளவுக்கு இறக்கிப் பையனின் உயரத்தை அளந்து பார்த்தான். ரேவதி அப்போது குத்திக்காட்டவில்லை. அடுத்த முறை வந்தபோது, பையன் உயரத்துக்கு ஒரு முக்காலியில் பானை வாங்கி வைத்திருப்பதாகக் கார்த்தி சொன்னான். ரேவதி, "அதுக்கு மூடி வாங்கினாரா கேளுங்க டீச்சர்" என்றாள். இன்று அந்தப் பையன் இரண்டு வீட்டிலும் வளர்கிறான்.

சட்டம் இன்னும் எஸ்தர் கேட்டபடி மாறவில்லை. மாறும் என்று அவர் கடைசி வரை நம்பினார். "வராத கணக்கையும் புள்ளைங்க போட்டுக்கினேதானே இருக்குது" என்பார்.

அடக்கத்தன்று அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தனசேகர் மாகறலிலிருந்து வந்து, பந்தலுக்கு வெளியிலேயே நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. விவாகரத்து ஆனவரை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று எஸ்தரின் தங்கை என் காதில் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. முறைப்படி அவர் யார்? துக்கம் விசாரிக்க வந்தவரா, துக்கத்துக்குரியவரா?

உள்ளே ஷாலினி அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது விக்கல் வந்துவிட்டது. யாராவது தண்ணீர் கொடுங்கள் என்று நாலைந்து குரல்கள் எழுந்தன. உறவுக்காரப் பெண்கள் எழுந்து, மாற்றி வைத்திருந்த சாமான்களுக்கு நடுவே சொம்பைத் தேடினார்கள்.

தனசேகர் செருப்பைக் கழற்றினார். கூட்டத்தின் நடுவே புகுந்து, யாரையும் ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குள் போனார். ஜன்னலுக்குக் கீழே, நாற்காலிகளுக்குப் பின்னால் மறைந்திருந்த பானையின் தட்டை எடுத்து, சொம்பு நிறைய மொண்டார். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கொடுத்தார். அவள் பாதி குடித்தாள். மீதியை அவர் குடித்தார். எழுந்து போய்ப் பானையைத் தட்டால் மூடிவிட்டு வந்து, மகளின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

எந்த வரிசை என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

எஸ்தர், உங்கள் வீட்டில் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கின்றன. நிம்மதியாகத் தூங்குங்கள், தங்கச்சி.