நீட்டிய கை

படிப்பை முடித்து, கொடைக்கானலில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலையில் சேர்ந்த புதிது. வில்பட்டியிலிருந்து ஒரு அம்மா தன் மூன்று வயது மகளை வாராவாரம் கூட்டி வருவார். அவள் பேச மாட்டாள். வேண்டியதற்குக் கையை நீட்டுவாள். இரண்டு மாதமாகியும் ஒரு சொல்கூட வரவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

"கையை நீட்டினதும் நீங்க குடுத்துடுறீங்க. அப்புறம் எப்படிப் பேசுவா? வாயால கேட்டாத்தான் குடுக்கணும்" என்று அந்த அம்மாவிடம் கத்தினேன்.

அடுத்த வாரம் வந்தார்கள். அவளுக்குப் பிடித்த சிவப்புப் பந்தைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

"நீங்க சொன்னபடியே செஞ்சேன் டீச்சர். பூண்டுக் காட்டுல புள்ள தண்ணிக்குக் கைய நீட்டுச்சு, நான் குடுக்கல. அழுது பாத்துச்சு. இப்ப ரெண்டு நாளா எதுக்குமே கை நீட்டல. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கட்டுங்களா?"

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. சைகையும் பேச்சுதான் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அந்தக் குழந்தையிடம் இருந்த ஒரே பேச்சையும் நானே பிடுங்கியிருந்தேன்.

அந்தக் கை மறுபடி நீள ஐந்து வாரமானது. அன்று என் பதிவேட்டில், "இன்று பேசினாள்" என்று எழுதினேன்.