இன்னும் முப்பது மில்லி

குவளையில் சிறுநீர் அறுபதாம் கோட்டோடு நின்றுவிட்டது.

"தொண்ணூறு வேணும்," சோதனை அதிகாரி மதாம் ஹுன்சூ குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இன்னும் முப்பது. ஆறு மணிக்கு நான் கிளம்பிடுவேன். இந்த விமானத்த விட்டா அடுத்தது வியாழக்கிழமை."

ஹஜாரா சுவரோரமாக நடக்க ஆரம்பித்தாள். மணி நாலே முக்கால். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான், நைஜர் தலைநகர் நியாமேயின் இதே மைதானத்தில், நூறு மீட்டரைப் பதினொன்று புள்ளி நாற்பத்திரண்டு நொடியில் ஓடியிருந்தாள். பத்தொன்பது வருடத் தேசிய சாதனை முறிந்தது. அன்றைக்கே ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் கொடுத்தால்தான் அது ஏட்டில் ஏறும்.

வயது முப்பத்தொன்று. சின்ன வயதில், சொந்த ஊர் தில்லாபேரியில், பள்ளி மணி அடித்த பிறகு வீட்டை விட்டுக் கிளம்பி, வரிசை கலைவதற்குள் போய் நின்றுவிடுவாள். அப்படித்தான் அவள் வேகத்தைக் கண்டுபிடித்தார்கள். ஓட்டத்துக்காகத் தபால் நிலையத்தில் வேலை கொடுத்தார்கள். மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரியில், இதைவிட வேகமாக ஓடினாள். பாலைக்காற்று முதுகைத் தள்ளியது என்று அளவுகருவி சொல்லிவிட்டது; கணக்கில் வரவில்லை. இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இடது முழங்கால் வீங்குகிறது.

அறை மூலையில் பெட்டி நிறைய மூடி திறக்காத தண்ணீர்ப் பாட்டில்கள். குளிர்ந்து வியர்த்திருந்தன.

"அதப் பாக்காதம்மா," என்றார் பயிற்சியாளர் சுமைலா. "நோன்பு தொறக்க ரெண்டு மணி நேரந்தான். வாயில சொட்டுத் தண்ணியில்லாம ஓடின புள்ள நீ."

வானொலிக்காரன் அகாலி கதவில் சாய்ந்திருந்தான். துவாரெக் இனத்தவன். இரண்டு இனங்களும் முறைக்காரர்கள் என்பது வழக்கம்; சர்மா இனத்து ஹஜாராவைக் கேலி செய்வது அவன் பிறப்புரிமை.

"ஏ முறைப்பொண்ணே, நீ நோன்போட ஓடினதா நாடு பூரா சொல்லிட்டேன். இனி உங்க சர்மாக்காரங்கள ஒட்டகத்துல ஏத்தினாலும் ஏத்துவோம்."

"உன் ஒட்டகத்துக்கு என் வேகம் வராது. வாய மூடு."

நின்றாள். மறுபடி நடந்தாள். கதவு, சுவர், கதவு.

அவள் நோன்பு வைத்திருக்கவில்லை. மாதவிலக்கு, இரண்டாவது நாள். இந்த நாட்களில் பெண்ணுக்கு நோன்பும் இல்லை, தொழுகையும் இல்லை. ஆனால் ஆண்கள் பார்க்கக் குடிக்க முடியாது. குடித்தால் காரணத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். வீட்டில் என்றால் சமையற்கட்டில் திரை இருக்கிறது. இங்கே காலையிலிருந்து எங்கும் திரை இல்லை. கழிப்பறைக் குழாயைக்கூட மதாம் துணி சுற்றிக் கட்டியிருந்தாள், மாதிரியில் தண்ணீர் கலந்துவிடும் என்று.

"அண்ணே, ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்களேன்."

"மாட்டேன்," என்றார் சுமைலா. "போன வருஷம் பாட்டில் மாறிப்போச்சுன்னு ஒரு பொண்ணு அழுதது மறந்துபோச்சா? முத்திர வைக்கிற வரைக்கும் இந்த நாற்காலிதான்."

ஐந்தேகால். அதே இடத்தில் நின்று முழங்காலை நெஞ்சுவரை தூக்கித் தூக்கிக் குதித்தாள். கழிப்பறைக்குப் போனாள், மதாம் கூடவே போனாள். ஒன்றும் வரவில்லை. ஐந்து இருபத்தைந்து. மதாம் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

ஹஜாரா பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். அந்தச் சத்தத்தில் அகாலி பேச்சை நிறுத்தினான். முழுவதும் குடித்தாள். இன்னொன்று. மூன்றாவதில் பாதி. கழுத்து வழியே வழிந்தது.

சுமைலா எழுந்துவிட்டார். "யா அல்லாஹ். ஹஜாரா, ஒரு சாதனைக்காகவா?"

அவள் வாயைத் துடைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். வேறொரு பதில் தொண்டைவரை வந்தது.

"ஆமாண்ணே," என்றாள்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் குவளையில் நூற்றுப் பத்து இருந்தது. மதாம் முத்திரை வைத்தாள். சுமைலா அவளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிச் செய்தியில் சாதனையைச் சொன்னார்கள். அடுத்து, நோன்பை முறித்தவள் என்ன பரிகாரம் செய்ய வேண்டும் என்று ஒரு இமாம் பேசினார். எட்டு மணிக்கு ஹஜாரா தபால் நிலையத்தைத் திறந்தாள். இரண்டு ஆண்கள் சலாம் சொல்லாமல் படிவத்தைத் தள்ளினார்கள். பதிவுத் தபால் அனுப்ப வந்த வெங்காய வியாபாரி பீபாத்தா, கவுண்டருக்குள் தலையை நீட்டி, "எத்தனாவது நாள்?" என்று கேட்டாள். "மூணு," என்றாள் ஹஜாரா. பீபாத்தா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போனாள். பத்தரைக்கு ஹஜாரா தபால் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்தாள். ஐந்து மணிக்கு மைதானம் போனாள். சுமைலா வரவில்லை. அறுபது மீட்டரை நாலு முறை ஓடினாள். முழங்கால் வீங்கியிருந்தது.