பல்புக்கு வைத்த பொட்டு

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இருட்டில் கண் தெரியாமல் இருந்திருக்கிறதா என்று போன வாரம் கண் டாக்டர் கேட்டார். என் மடியில் மகன் உட்கார்ந்திருந்தான். விளக்கை அணைத்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறான் என்றுதான் அழைத்துப் போயிருந்தேன். இல்லை என்று சொல்லிவிட்டேன். வாசல்வரை வந்த பிறகு மனம் கேட்கவில்லை. திரும்பிப் போய், "எங்க அப்பாவுக்கு இருந்துது டாக்டர்" என்றேன். முதலில் ஏன் இல்லை என்றேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கண் என்று சொன்னதில்லை. பல்பு என்றுதான் சொன்னோம்.

அப்பா முதலியார்பேட்டையில் வாடகைக் கார் ஓட்டினார். மில் வேலை போன பிறகு வாங்கிய கார். பகல் சவாரி டீசலுக்கே சரியாகப் போகும். வீடு நடந்தது இரவுச் சவாரியில். பாரீசிலிருந்து வருகிறவர்களைச் சென்னை விமான நிலையத்துக்குப் போய் அழைத்துவர வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு சொல்தா வீட்டார் அப்பாவைத் தவிர வேறு யாரையும் கூப்பிட மாட்டார்கள்.

நான் நான்காவது படிக்கும்போது அப்பா காரின் முன்விளக்குப் பல்பைக் குறைசொல்லத் தொடங்கினார். "மெழுகுவத்திய கட்டிக்கினு ஓட்றாப்ல இருக்கு" என்பார். மரக்காணம் உப்பளத்துப் பக்கம் சாலையின் ஓரமே தெரியவில்லையாம். ஒருநாள் அந்தி மயங்கும் நேரத்தில் எங்கள் தெருமுனையில் நின்றிருந்த தள்ளுவண்டியை இடித்தார். அதற்கும் பல்புதான் காரணம். விளக்குக் கண்ணாடியைத் தேய்த்துத் துடைத்துப் பார்த்தார். கடைசியில் கூடுதல் வெளிச்சம் தரும் ஹாலோஜன் பல்பு இரண்டு வாங்கிவந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்தாவின் மகள் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அப்பாவால் இருட்டில் ஓட்ட முடியாது என்று ஒரு வீட்டில் தெரிந்தால் போதும், எல்லா வீட்டுச் சவாரியும் நின்றுவிடும்.

எது புதிதாக வந்தாலும் சாமி படத்துக்கு முன் வைத்துச் சந்தனம் குங்குமம் இடாமல் அம்மா எடுக்க விடமாட்டாள். மிக்சிக்கு வைத்தாள், என் ஜியாமெட்ரி பாக்சுக்கு வைத்தாள். பல்புக்கும் வைத்தாள், கண்ணாடியின் மேலேயே. மாட்ட வந்த எலெக்ட்ரீசியன் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இன்னாக்கா, பல்ப பொண்ணு பாக்க வராங்களா? இது அடுப்பு மாரி சூடாவும். வெரல்ல இருக்கிற எண்ண பட்டாலே வெடிச்சுடும்."

"சாமிக்கு வெச்சதுப்பா. சாமி வெடிக்க வுடுமா?"

அவர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துச் சுத்தமாகத் துடைத்து, கண்ணாடியில் கை படாமல் மாட்டினார். எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்தபோது பூச்சுப் பெயர்ந்த இடமெல்லாம் தெரிந்தது. நான் கைதட்டினேன். அப்பா மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்த முடியாதா?"

"இதுக்கு மேல ஏத்துனா எதிர்ல வரவன் கல்ல எடுத்து அடிப்பாண்ணே."

சோதித்துப் பார்க்க, சனிக்கிழமை தவளக்குப்பத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் பெரியம்மா ஊருக்குப் போனோம். திரும்பும்போது இருட்டிவிட்டது. நான் அப்பாவின் பக்கத்தில், அம்மா பின்னால். கிராமத்துச் சாலை எங்களுக்கு முன்னே சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடந்தது. ஓரமாக ஒருவர் பால்கேனோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அவர் சட்டையின் கட்டம்கூட எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரியும் என்றுதான் இருந்தேன். கார் விலகவே இல்லை. "என்னங்க, ஆளு" என்று அம்மா பின்னாலிருந்து அப்பாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். கார் திரும்பி, சாலையோரம் கொட்டியிருந்த ஜல்லியில் மோதி நின்றது. இடதுபக்க விளக்கு நொறுங்கியது. பால்காரர் பள்ளத்தில் விழுந்து எழுந்தார். அவருக்கு அடியில்லை. பால் முழுக்கக் கொட்டிவிட்டது.

"கல்யாண ஊடு மாரி லைட்ட போட்டுக்குனு வர. கண்ண எங்கய்யா வெச்சிட்டு வந்த?"

அப்பா உடைந்த விளக்கின் முன் குந்தி அதைக் கையால் தடவினார். "பல்பு வெடிச்சிடுச்சுங்க. அதான் தெரியல" என்றார்.

"இல்லப்பா, ரெண்டும் எரிஞ்சுக்கினுதான இருந்துது" என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். பிறகு பால்காரரைப் பார்த்து, "நான்தாங்க அதுமேல பொட்டு வெச்சேன். கை படக்கூடாதாம், எனக்குத் தெரியல. எம்மேலதான் தப்பு" என்று கைகூப்பினாள்.

"பொம்பளைங்களுக்கு இதுல இன்னாம்மா வேல" என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் கேனை நிமிர்த்தினார்.

அந்தக் கதையே நிலைத்துவிட்டது. தெருக்காரர்களிடமும் உறவுக்காரர்களிடமும் சொல்தா வீட்டிலும் அம்மாவே போய்ச் சொன்னாள். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். துடைத்தெடுத்த பொட்டு எப்படி வெடிக்க வைக்கும் என்று யாருமே கேட்கவில்லை. அம்மா பொய் சொல்கிறாள் என்று எனக்கு அவள்மேல்தான் கோபம். அந்தப் பொய்யாலும் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்துக்கு வேறு கார் போனது. அதன்பின் அந்த வீட்டிலிருந்து கூப்பிடவே இல்லை. பொங்கலுக்குள் காரை விற்றோம். கண்ணில் இருந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டென்று தெரிந்தபோது அப்பாவுக்குப் பகலிலும் மங்கத் தொடங்கியிருந்தது. மகள் வழியாகப் பேரனுக்கு வரக்கூடும், வந்தால் நிறுத்த மருந்தில்லை என்கிறார் இந்த டாக்டர். நேற்று மகன் இருட்டில் இடித்துக்கொண்டபோது, நாற்காலியை யார் இங்கே போட்டது என்று கத்தினேன். போட்டது யாருமில்லை. அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அன்று ஜல்லியிலிருந்து காரைத் தள்ளி எடுத்த பிறகு அம்மா என்னைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு முன்னால் ஏறிக்கொண்டாள். ஒற்றை விளக்கோடு கார் ஊர்ந்தது. அம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். "சைக்கிள் ஒண்ணு போவுது. பஸ்ஸு நிக்குது, சுத்திக்கினு போங்க. பாலம் வந்துடுச்சு." அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். இடம் பறிபோன எரிச்சலில், ஏம்மா தொணதொணன்னு பேசிக்கினே வர என்று கேட்டேன்.

"தூக்கம் வருதுடி. பேசலன்னா தூங்கிப்பூடுவேன்" என்றாள்.

அரியாங்குப்பத்தில் கடைக்காரர்கள் அந்திக்கு ஏற்றிய ஊதுவத்திகூட இன்னும் அணைந்திருக்கவில்லை. பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் யாருக்குத் தூக்கம் வரும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பாவம், களைத்துப்போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.