வெர்னன் ஸ்டாசியாக் கொடுத்த பத்து

டொலீடோ நகரத்துப் பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் பார்க்கும் மெக்கானிக் வெர்னன் ஸ்டாசியாக், புதன்கிழமையானால் இரண்டு தடவை கை கழுவுவார். முதல் தடவை கிரீஸ் போவதற்கு. இரண்டாம் தடவை காமிக்ஸுக்காக.

புது இதழ்கள் வருவது புதன்கிழமைதான். கிளெண்டா மோஃபெட் தன் கடையில் ‘கேப்டன் குடை’ இதழில் அவருக்கென்று இரண்டு பிரதி எடுத்து வைத்திருப்பார். ஒன்று படிக்க, மற்றொன்று ஒட்டிய உறையோடு அப்படியே பாதுகாக்க. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஓர் உறையைக்கூடப் பிரித்ததில்லை. படிக்கிற பிரதியைக் கடை வாசலில் தன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து படித்துவிட்டு, சின்ன அட்டையில் விமர்சனமும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் எழுதித் தருவார். கிளெண்டா அதைக் கல்லாவுக்கு மேலே குத்தி வைப்பார். ரசிகர்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். வெர்னன் கை எட்டு மதிப்பெண்ணைத் தாண்டியதே இல்லை. மழையில் குடை பிடித்தும் கேப்டனின் முடி நனைந்திருந்ததற்காக ஒரு முறை ஒன்றரை மதிப்பெண் குறைத்தவர் அவர்.

ஒரு புதன்கிழமை வெர்னன் கண் சிவந்து உள்ளே வந்தார்.

“என்ன வெர்ன், யாராவது செத்துட்டாங்களா?” என்றார் கிளெண்டா.

“ஆலங்கட்டி டாக்டர்” என்று வில்லனின் பெயரைச் சொல்லி அட்டையை நீட்டினார்.

பத்துக்குப் பத்து போட்டிருந்தது. கீழே இப்படி:

“வில்லனின் சவ அடக்கம் ஐந்தாம் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. அதன் பிறகுதான் சண்டை. சாகப்போகிறவன் என்று தெரிந்துவிட்டதால் குடையின் ஒவ்வொரு அடியும் நம் முதுகில் விழுகிறது. கடைசியில் எதிரிகள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பான்கேக் சாப்பிடுகிறார்கள். அது சொர்க்கம். ஆசிரியர் அதைச் சொல்லாமல் விட்டதற்கே இரண்டு மதிப்பெண்.”

ஒரு மணி நேரத்தில் கடையிலிருந்த அத்தனை பிரதியும் போயிற்று. கடைசிப் பிரதியை வாங்கிப் போன தபால்காரர் டைரெல் ஓக்ஸ், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“தலைவரே, சொர்க்கம் எங்க? பான்கேக் ஆரம்பத்துலயே வருது. மாறுவேஷத்துல வந்து, ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் தெரியாம சாப்பிடுறாங்க. அடக்கம்தான் கடைசி. அது சரி, சொர்க்கம்னா கேப்டன் எப்பச் செத்தாரு?”

“துக்கத்துல. ரெண்டு கட்டத்துக்கு நடுவுல.”

“நடுவுலயா!”

“உன் பிரதிதான் கோளாறு. நான் இருபத்திரண்டு வருஷமாப் படிக்கிறேன்யா.”

“நானும்தான் படிக்கிறேன். எனக்கு யாரும் நடுவுல சாகலையே!”

இரண்டையும் மேசையில் விரித்தார்கள். ஒன்றில் அடக்கம் முன்னால், மற்றதில் பின்னால். இந்த இதழ்களில் பக்க எண் போடுவதில்லை. எது சரி என்று மூன்றாவது பிரதிதான் சொல்ல வேண்டும். கடையில் ஒன்றுமில்லை. வெர்னனின் கக்கத்தில் ஒன்று இருந்தது, உறையோடு.

“பிரிக்காதே வெர்ன், நான் அச்சகத்துக்கு போன் பண்றேன்” என்றார் கிளெண்டா.

“நான் போட்ட பத்தைப் பாத்துத்தான் அத்தனை பேரும் வாங்கியிருக்காங்க. பிரேக் சரியா இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்ட பஸ் ரோட்டுல ஓடிட்டிருக்கிற மாதிரி இது. போன் வர்றவரைக்கும் சும்மா நிக்கச் சொல்றியா?”

கடையின் பின்புறம் போய்க் கை கழுவி வந்தார். உறையின் ஒட்டு நாடா பிரிந்த சத்தத்தில் டைரெல் தொப்பியைக் கழற்றினார்.

ஐந்தாம் பக்கத்தில் பான்கேக்.

வெர்னன் தான் முதலில் படித்த பிரதியின் தாள்களைச் சேர்த்துக் குத்திய கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே ஒரே ஒரு தாள் உள்வெளியாகத் திருப்பி மடிக்கப்பட்டிருந்தது. அதனால் முன்பக்கம் பின்னாலும் பின்பக்கம் முன்னாலும் போயிருந்தன.

“அப்ப நீங்க அழுதது மடிப்பு மெஷினுக்கா தலைவரே?”

வெர்னன் நின்றபடியே சரியான பிரதியை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தார். பான்கேக் வெறும் பான்கேக்காக இருந்தது. அடக்கத்தில் எல்லாரும் அழுதார்கள். அவருக்கு ஒரு சொட்டு வரவில்லை. சுவரிலிருந்த அட்டையைக் கேட்டு வாங்கினார். பத்தை அடித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார்: “கதை எழுதியவருக்கு ஆறு. தாளை மடித்தவருக்குப் பத்து.”

கிளெண்டா அதைப் பழைய ஆணியிலேயே குத்தினார்.

டைரெல் வாசல்வரை போய்த் திரும்பினார். “உங்க கோளாறுப் பிரதியை ஒரு தடவை குடுங்க. அந்தச் சொர்க்கத்தைப் பாத்துட்டுத் தர்றேன்.”

“போய்க் கை கழுவிட்டு வா” என்றார் வெர்னன். “ரெண்டு தடவை.”