சுண்ணாம்புக் கை

மொக்கச்சாமிக்கு ஈரம் ஆகாது. தேவாரம் என்ற ஊரின் செம்மண் காட்டில் புழுதி குடித்து வளர்ந்தவன். சோற்றில் மோர் கொஞ்சம் கூடினால்கூட முகம் சுளிப்பான். அப்படிப்பட்டவனை, ஜெர்மன் சண்டை நடந்த வருஷங்களில், வயிற்றுப்பாடு குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கொண்டுபோய் விட்டது.

ஏலத்தோட்டம் என்பது பாதிக் காடு. பெரிய மரங்களின் நிழலில்தான் செடி நிற்கும். அந்த மரங்கள் உதிர்த்த சருகு காலங்காலமாக அழுகிக் கிடந்து, காலை வைத்தால் கெண்டைக்கால் வரை வாங்கிக்கொள்ளும். ஊசிப்போன சோற்றின் வாடை. கல்லைப் புரட்டினால் மரவட்டை, வெளுத்த புழு, பெயர் தெரியாத வழவழப்பு. எல்லாவற்றுக்கும் மேலே அட்டை. இலை நுனியில் நின்று தலையை ஆட்டி ஆட்டி ஆள் வாடை பிடிக்கும் அந்த நூல் துண்டைப் பார்த்தாலே இரண்டடி பின்வாங்குவான். கடிப்பது தெரியாது. பிசுபிசுப்புத் தட்டிக் குனிந்து பார்த்தால் நாவற்பழம் போலத் தொங்கும்.

அதனால் புகையிலைத் தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து, முழங்கால் வரை, முழங்கை வரை பூசிக்கொண்டுதான் காட்டுக்குள் இறங்குவான்.

"என்ன மருமகனே, வெள்ளையடிச்ச கோயில் சுவரு மாதிரி வர்றீக. விழுந்து கும்பிட்டுக்கிறவா?" என்பாள் இருளம்மாள். களை வெட்டும் பெண்களுக்கு மூத்தவள்; உறவில்லாவிட்டாலும் முறை சொல்லித்தான் கூப்பிடுவாள். தன் காலில் அட்டை தொங்கினாலும் அவள் பேச்சு நிற்காது. வெற்றிலைச் சாற்றை அதன்மேல் துப்பி உதிர்த்துவிட்டு நடப்பாள். அதைப் பார்க்கும்போது அவனுக்கு அட்டையைவிட அவள்மேல்தான் அருவருப்பு வரும்.

கீழ்ச்சரிவில் செடிகள் மஞ்சளடித்தன. தோட்டத்துக்காரர் நாகூர் கனி ராவுத்தர், போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்தவர், மண்ணைச் சோதித்துச் சொல்லும் ஒரு ரசாயனக்காரரைப் பட்டணத்தில் பிடித்தார். மண் எடுக்கும் விதத்தை அவர் சொல்லி அனுப்ப, போடிப் பட்டறையில் சாமான்கள் தயாராயின: முழச் சதுரத்தில் மரச்சட்டம், விளிம்பு தீட்டிய இரும்புக் குழாய், அதை அடித்து இறக்க மரக் கொட்டாப்புளி. கூடவே காடாத்துணிப் பைகள்.

"சுத்தமா எடுத்து வெரசா கொண்டா மொக்கச்சாமி. நல்லபடியா முடிச்சிட்டேன்னா இங்கன கிட்டங்கிய பார்த்துக்கிட்டு இருந்துக்க. மலைக்கே போக வேணாம்" என்றார் ராவுத்தர்.

கிட்டங்கி, ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய அறை. ஈரம் பட்டால் சரக்குக் கெடும் என்று தரையில் பலகை பரப்பியிருந்தார்கள். உலகத்திலேயே அவன் விரும்பிய ஒரே இடம்.

இருளம்மாளைத் துணைக்கு வைத்துக்கொண்டு இறங்கினான். சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் கிடக்கும் சருகை ஒரு பையில் அள்ள வேண்டும். அடியில் பாதி மக்கியதை இன்னொரு பையில். பிறகு குழாயை நட்டு, ஒரு சாண் ஆழம் அடித்து இறக்கி, திருகி இழுத்து, உள்ளிருக்கும் மண்ணைக் குச்சியால் தள்ள வேண்டும். சரிவெல்லாம் கோணல்மாணலாக நடந்து இப்படி எடுத்ததைத் துணியில் கொட்டிக் கையால் பிசைந்து கலந்து, நாலு கூறாக்கி, எதிரெதிர்க் கூறுகள் இரண்டைத் தள்ளி, மிச்சத்தை மறுபடி நாலாக்கி, கடைசியில் நிற்கும் கைப்பிடி மண்தான் பட்டணம் போகும். சட்டத்துக்குள் இருப்பது எதுவானாலும் சேர வேண்டும். வெளியிலிருந்து எதுவும் சேரக் கூடாது. அதுதான் கட்டளை.

கொட்டாப்புளியை இருளம்மாள் வாங்கிக்கொண்டாள். அவன் தனக்குப் பூசியது போக மிஞ்சிய சுண்ணாம்பைச் சட்டத்துக்கும் குழாய் விளிம்புக்கும் தடவினான். அவற்றைப் பிடித்துக்கொண்டு அட்டை ஏறிவிடுமாம். மண்ணைப் பிசைகையில் குளிர்ந்த ஏதோ ஒன்று விரலிடுக்கில் நெளிந்தது. உதறினான். சுண்ணாம்புக் கலயத்துக்குள் கையை முக்கி எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி பிசைந்தான்.

"இப்ப மண்ணுக்கும் வெள்ளையடிச்சாச்சா?" என்றாள் அவள்.

பட்டணத்திலிருந்து பதில் வந்த அன்று ராவுத்தர் மண்டியில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னார்: "மண்ணுல சுண்ணாம்பு தாராளமா கெடக்காம்ல. கொறை மண்ணுல இல்ல. களை வெட்டுறேன்னு பொம்பளைக வேர அறுத்து வச்சிருக்காளுக. இருளம்மா கூட்டத்த நிப்பாட்டிர்றேன்."

மொக்கச்சாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். நகக்கண்ணில் வெள்ளை இன்னும் இருந்தது. கிட்டங்கிச் சாவியை வாங்கிக்கொண்டான்.

காய்ந்த தரை, காய்ந்த காற்று. சில நாள் சுகமாகத் தூங்கினான். பிறகொரு மத்தியானம் இருளம்மாள் மண்டி வாசலில் வந்து நின்றாள். காலெல்லாம் அட்டை கடித்து ஆறிய கறுப்புத் தழும்புகள்.

"என்ன தப்பு செஞ்சோம்னு ராவுத்தர்ட்ட கேக்க வந்தேன். அவுக மூஞ்சி குடுக்கல. நீங்களாச்சும் சொல்லுங்க மருமகனே. வேர அறுத்தோமாம்ல நாங்க. நீங்க பாத்தீகளா?"

"எனக்கென்ன தெரியும் அத்தே" என்றான்.

அவள் போனதும் சோற்றுச் சட்டியைத் திறந்தான். பிசைந்த கை வாயருகே வந்தபோது புகையிலை, சுண்ணாம்பு வாடை வீசியது. எத்தனையோ தடவை கழுவிய கை. கடிப்பது தெரியாமல் ஒட்டிக்கொண்டு, அடுத்தவர் ரத்தத்தில் கொழுத்து, இருட்டறையில் சுருண்டு கிடக்கும் ஒன்றின் வாய்க்குத்தான் அந்தச் சோறு போகிறது என்று தோன்றியது. ஓடிப்போய்ச் சாக்கடையில் குமட்டினான். வாயைக்கூடத் துடைக்காமல் ராவுத்தர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னான்.

ராவுத்தர் அவன் கைகளைப் பார்த்தார்.

"சீ" என்றார். "சாவிய வச்சிட்டு மலையேறு. அவளையும் கூட்டிக்கிட்டுப் போயி மறுபடி எடு. அந்த மண்ணு என்ன சொல்லுதோ அதுதான் அவளுக்கும் ஒனக்கும்."

இந்த முறை கலயம் இல்லை. குழாயையும் சட்டத்தையும் ஓடைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினான்.

"வெத்தலையத் துப்பிட்டு வா அத்தே. அதுலயும் சுண்ணாம்பு இருக்கு."

"பாவம் செஞ்சது நீரு, பட்டினி என் வாய்க்கா?" என்றாள். ஆனாலும் தூரப்போய்த் துப்பிவிட்டு வந்தாள். மருமகன் என்ற சொல் அன்று அவள் வாயில் வரவில்லை.

வெறுங்கையை அழுகலுக்குள் விட்டான். கால்களில் ஏறியவற்றைக் குனிந்து பார்க்கவில்லை. துணியில் மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தபோது, அவன் மணிக்கட்டில் குடித்துப் பருத்த ஒன்று தானாகவே கழன்று மண்ணின் நடுவே விழுந்தது.

இருளம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அது சட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தது. மொக்கச்சாமி இரண்டு விரலால் அதைப் பிடித்தான். நழுவியது, மறுபடி பிடித்து எடுத்துக் காட்டுக்குள் எறிந்தான். அதன் ரத்தம் பட்ட மண்ணையும் வழித்துப் போட்டான்.

மண் புளித்துக் கிடக்கிறது, சுண்ணாம்பே இல்லை, செடி மஞ்சளடிப்பது அதனால்தான் என்று பதில் வந்தது. பெண்கள் களைக்குத் திரும்பினார்கள். கிட்டங்கிச் சாவி ராவுத்தரின் மச்சானிடம் போயிருந்தது. மொக்கச்சாமி மலையிலேயே கிடந்தான். அருவருப்பு கடைசிவரை விடவில்லை. மண் எடுக்கும் நாட்களில் மட்டும் கலயத்தைத் தொடமாட்டான்; அன்றைக்கு அவன் சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை.